மைக்ரோஹெக்சூரிடே: குறுஞ்சிலம்பிக் குடும்பம்

மைக்ரோஹெக்சூரிடே ஒரு சிலந்திக் குடும்பம். 2020-இல்தான் தனிக் குடும்பமாகப் பிரிக்கப்பட்டது. அதில் ஒரே பேரினம், இரண்டே இனங்கள். இரண்டும் வட அமெரிக்க மலைக்காடுகளின் தரையில் வாழ்பவை. டரான்டுலா என்ற பெருஞ்சிலந்தியின் உறவுக்கூட்டம் என்றாலும், கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலையில் வாழும் இனம் வளர்ந்தபின்னும் சுமார் 3 அல்லது 4 மில்லிமீட்டர்தான்.

பெயர் கிரேக்கம். மைக்ரோஸ் சிறியது, ஹெக்ஸ் ஆறு, ஊரா வால். அதற்காகச் ‘சிற்றறுவாலி’ என்று பெயர்த்தால் பிழையாகிவிடும். ஹெக்சுரா என்ற வேறொரு பேரினம் 1884-இலேயே இருந்தது. 1925-இல் சிலந்தி ஆய்வாளர்கள் கிராஸ்பியும் பிஷப்பும் வைத்த பெயரைச் ‘சின்ன ஹெக்சுரா’ என்றே கொள்ள வேண்டும். வாலை எண்ணத் தேவையில்லை.

அப்பலாச்சிய இனத்தின் பெயர் மோன்டிவாகா. இது லத்தீன்: மலையில் அலைவது. அழகான பெயர்தான், ஆனால் இந்த உயிர் அலைவதில்லை. 1,600 மீட்டருக்கு மேல், ஃபிர் என்னும் ஊசியிலை மரங்களின் நிழலில், பாறையை மூடிய ஈரப் பாசிக்கும் பாறைக்கும் இடையே குழாய்போல் வலை பின்னி அங்கேயே வாழ்கிறது. தாய் ஏழெட்டு முட்டைகளை மெல்லிய பையில் இட்டுக் காக்கிறது. யாராவது பாசியைக் கிளறினால் அந்தப் பையைப் பல்லில் கவ்விக்கொண்டு நகர்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு பூச்சி ஃபிர் மரங்களைக் கொல்கிறது. நிழல் போனால் பாசி காய்கிறது, பாசி காய்ந்தால் சிலந்தி பிழைக்காது. அமெரிக்க அரசு 1995-இல் இதை அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவித்தது. மலையுச்சிக்கும் மலையுச்சிக்கும் இடையிலுள்ள வெப்பப் பள்ளத்தாக்கை இதனால் கடக்க முடியாது. ‘மலையலைவி’ என்ற நேர் மொழிபெயர்ப்பை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

தமிழில் என்ன சொல்லலாம்? எட்டுக்கால் பூச்சி என்பது பேச்சுக்குச் சரி, ஆனால் சிலந்தி பூச்சியினம் அல்ல. பழந்தமிழில் சிலந்திக்குச் சிலம்பி என்ற பெயரும் உண்டு. சிலம்பு என்றால் மலை. குறிஞ்சித் தலைவனைச் சிலம்பன் என்பார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஆனால் மலையில் வாழும் சிலந்திக்கு, மலையும் சேர்ந்து ஒலிக்கும் சொல் வாய்த்திருக்கும்போது அதை விடுவானேன்? குடும்பத்தைக் குறுஞ்சிலம்பிக் குடும்பம் என்கிறேன்.

மோன்டிவாகாவை ஆங்கிலத்தில் அதன் காட்டையும் பாசியையும் வைத்து அழைக்கிறார்கள். வெறும் ‘பாசி’ என்றால் குளத்துப் பாசி நினைவுக்கு வரும். பாறைப்பாசிச் சிலம்பி என்றால் அந்தக் குழப்பம் வராது.