முட்டிக்கு முன்னால் ஒரு வீக்கம்

காலி பால் கவருக்குள் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். உள்பக்கங்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். நம் உடம்பில் ஏறத்தாழ 150 இடங்களில் இப்படி வேலை செய்யும் சிறு பைகள் இருக்கின்றன. பெயர் பர்சா. எலும்பின் மேல் தோலோ தசைநாரோ நகரும் இடங்களில் உராய்வைக் குறைப்பது இவற்றின் வேலை. அப்படி ஒரு பை, முழங்கால் சில்லுக்கும் தோலுக்கும் நடுவே இருக்கிறது.

டைல்ஸ் ஒட்டுகிறவர் நாள் முழுக்க முட்டி போட்டே நகர்கிறார். அவர் எடையில் பெரும்பகுதி அந்த மெல்லிய பையின் மேல்தான் இறங்குகிறது. நசுங்கி நசுங்கி அதன் உள்சவ்வு தடித்து, தேவைக்கு மேல் நீர் சுரக்கிறது. சில்லின் மேல் முட்டை வைத்தாற்போல மெத்தென்று வீங்குகிறது. இதுதான் பர்சைட்டிஸ். கீழே விழுந்து அடிபட்டாலும், மூட்டில் யூரிக் அமிலப் படிகம் சேரும் கவுட் நோய் இருந்தாலும் வரலாம்.

‘மூட்டில் நீர் கோத்துவிட்டது’ என்று பலர் பயந்துவிடுகிறார்கள். இந்தப் பைக்கும் மூட்டின் உட்பகுதிக்கும் தொடர்பு கிடையாது. அதனால்தான் முட்டி போடும்போது உயிர் போகிறவருக்கும் நடக்கும்போது அவ்வளவாக வலிப்பதில்லை.

உண்மையில் பயப்பட வேண்டியது கிருமிக்குத்தான். பை தோலை ஒட்டியே இருப்பதால், ஒரு சின்னச் சிராய்ப்பு போதும், கிருமி உள்ளே போய்விடும். பெரும்பாலும் அது தோலிலேயே குடியிருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ். வீக்கம் சிவந்து, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் அடித்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். சர்க்கரை நோயாளிகள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஊசியால் நீரை எடுத்துச் சோதித்தால் கிருமியா, கவுட்டின் யூரிக் அமிலப் படிகமா என்று தெரிந்துவிடும். கிருமி என்றால் ஆன்டிபயாடிக் வேண்டும். தயவுசெய்து தைலம் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள், நீங்களே குத்தி நீரை எடுக்கவும் பார்க்காதீர்கள்.

கிருமி இல்லையா, சரி, பெரும்பாலும் சில வாரங்களில் வடிந்துவிடும். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைக்கலாம். வலி மாத்திரையை டாக்டரைக் கேட்டுப் போடுவது நல்லது, அல்சரோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். ஸ்டீராய்டு ஊசி என்றால், கிருமி இல்லை என்று உறுதியான பிறகுதான். திரும்பத் திரும்ப வந்தால் அறுவை சிகிச்சையில் பையையே எடுத்துவிடுவதும் உண்டு.

இதற்கெல்லாம் முன்னால், முட்டி போடுவதை நிறுத்த வேண்டும். தினக்கூலிக்காரரிடம் ஓய்வெடுங்கள் என்று சொல்வது எளிதல்ல, தெரியும். அந்தச் சில வாரங்களுக்கு நின்றபடி டைல்ஸ் வெட்டும் வேலையை மேஸ்திரி அவருக்குக் கொடுக்கலாம். அப்புறம் ஒட்டும் வேலைக்குத் திரும்பும்போது, இரண்டு முட்டிக்கும் தடித்த பேட்.