கடலில் கிடைத்த பழம்பொருள் யாருக்குச் சொந்தம்? ராமநாதபுரம் கரைக்காரர்களுக்கு ஒரு சட்ட விளக்கம்

வலையில் ஒரு பழைய நங்கூரமோ, முழுப் பானையோ, நாணயங்கள் ஒட்டிக் கிடக்கும் கட்டியோ ஏறினால் அது யாருக்கு? தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை யாரைக் கேட்டாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "எடுத்தவனுக்குத்தான்." இன்னொன்று, "கவர்மெண்டு பிடுங்கிக்கும், நமக்கு ஒண்ணும் மிஞ்சாது." இரண்டுமே சரியில்லை. எடுத்தவரைச் சட்டம் உரிமையாளர் ஆக்குவதில்லை. ஆனால் அவரை வெறுங்கையோடு அனுப்பச் சொல்லவும் இல்லை. பொருள் எங்கே கிடந்தது, எதிலிருந்து வந்தது, எடுத்தவர் அதை எப்போது யாரிடம் சொன்னார் என்பதைப் பொறுத்துத்தான் பங்கோ கூலியோ வழக்கோ வரும்.

முதலில் புதையல் சட்டம். 1878-ல் வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது, இன்றும் இருக்கிறது. மண்ணுக்குள்ளோ, மண்ணோடு சேர்ந்த ஒன்றிலோ மறைந்து கிடக்கும் மதிப்புள்ள பொருள்தான் இந்தச் சட்டத்தில் புதையல். வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அழகன்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரோமானியக் காசும் பானை ஓடும் அகழாய்வில் கிடைத்த ஊர். அங்கே வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு குடம் காசு கிடைத்தால் அது இந்தச் சட்டத்தில் வரும். மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். (அந்தப் பத்து ரூபாய் வரம்பை இன்னும் யாரும் திருத்தவில்லை.) என்ன பொருள், ஏறத்தாழ என்ன மதிப்பு, எங்கே, என்றைக்குக் கிடைத்தது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவந்து காட்டுவதாகப் பிணை கொடுக்க வேண்டும்.

கலெக்டர் அறிவிப்பு வெளியிடுவார். அதிலிருந்து நான்கு மாதத்துக்கு முன்னும் ஆறு மாதத்துக்குப் பின்னும் இல்லாத ஒரு நாளில் உரிமை கோருவோர் ஆஜராக வேண்டும். யாருடைய உரிமையும் நிரூபணம் ஆகவில்லை என்றால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. இருவரும் வேறு விதமாகப் பேசி முடித்திருந்தால் அதன்படி. அரசே பொருளை எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கும். சொல்லாமல் மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு.

நல்ல கணக்குதான். சிக்கல் என்னவென்றால், உடைந்த கப்பலிலிருந்து வந்த சரக்குக்கு இந்தக் கணக்கு ஓடாது. "புதையலில் முக்கால் பங்கு எனக்கு" என்று கடல் பொருளுக்கு மனு எழுதினால் நிற்காது.

கப்பல் சிதைவுக்கு வேறு சட்டம்

அது வணிகக் கப்பல் சட்டம். 1958-ல் வந்த சட்டத்தின் பதின்மூன்றாம் பகுதி இதைப் பற்றித்தான் பேசுகிறது. கைவிடப்பட்ட கப்பல், புயலில் பாரம் குறைக்கக் கடலில் வீசிய சரக்கு, மிதந்து வந்த மரம், பிறகு எடுக்கலாம் என்று மிதவை கட்டி இறக்கிய மூட்டை எல்லாமே இதில் அடங்கும். கண்டெடுத்தவர் உரிமையாளர் இல்லை என்றால், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் ரிசீவர் என்று சட்டம் சொல்லும் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். வேறு கடலில் எடுத்து இங்கே கரை சேர்த்திருந்தாலும் இதே விதிதான். உரிமையாளர் ஓராண்டுக்குள் வந்து, மீட்புக் கூலியையும் செலவையும் கட்டிவிட்டு எடுத்துப் போகலாம். யாரும் வராவிட்டால் விற்று, செலவும் கூலியும் போக மீதி அரசுக்கு.

மீட்புக் கூலி என்றால் என்ன? சட்டம் சதவீதம் எதுவும் சொல்லவில்லை. எல்லாச் சூழ்நிலையையும் பார்த்து நியாயமான ஒரு தொகை, அவ்வளவுதான். எத்தனை பேர் இறங்கினார்கள், எவ்வளவு ஆபத்து, எத்தனை வலை கிழிந்தது, எவ்வளவு டீசல் போனது என்பதெல்லாம் பேசப்படும். அதனால் டீசல் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். தகராறு பெரிதானால் 2017-ல் வந்த கடல்சார் வழக்குச் சட்டப்படி சென்னை உயர் நீதிமன்றம் விசாரிக்கும்.

2025 ஆகஸ்டில் 1958 சட்டத்துக்கு மாற்றாகப் புதிய வணிகக் கப்பல் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. எனவே பழைய பிரிவு எண்களை மனுவில் அடுக்க வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும்.

சரி, உரிமையாளரே இல்லாத அளவுக்குப் பழைய பொருள் என்றால்? அங்கேதான் அரசியலமைப்பின் 297-வது பிரிவு வருகிறது. இந்தியாவின் கடல் எல்லைக்கு அடியில் இருக்கும் நிலம், கனிமம், மதிப்புள்ள பிற பொருள்கள் எல்லாம் ஒன்றிய அரசைச் சேரும் என்கிறது அது. எல்லை என்பது கரையிலிருந்து 12 கடல் மைல். பாக் நீரிணைப் பக்கம் இலங்கை அருகிலேயே இருப்பதால் 1974 ஒப்பந்தக் கோடும், மன்னார் வளைகுடாவில் 1976 ஒப்பந்தக் கோடும்தான் எல்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடக்கும் கப்பல் இலங்கைச் சட்டத்தைச் சேர்ந்தது. அதை எடுக்கப் போவது புதையல் வேட்டையாக முடியாது, படகு பறிமுதலாக முடியும்.

நம் கடலடிப் பொருளைப் பற்றிய வழக்கு புதிதும் இல்லை. ராமநாதபுரம் ஜமீன் குத்தகைக்கு விட்ட சங்குப் படுகையில் வேறு ஆட்கள் சங்கு எடுத்த விவகாரம் 1904-ல் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. பாக் விரிகுடா யாருக்கும் சொந்தமில்லாத திறந்த கடல் அல்ல, அங்கே அனுமதியில்லாமல் சங்கெடுத்தது திருட்டுதான் என்று தீர்ப்பானது. "கடல்ல கிடக்கிறது எல்லாருக்கும் பொது" என்ற வாதம் இந்தக் கரையில் தோற்று நூறு வருஷம் தாண்டிவிட்டது.

இரண்டு கப்பல், இரண்டு முடிவு

கண்டுபிடித்தவர் எப்போது சொன்னார் என்பது ஏன் இவ்வளவு முக்கியம்? இந்தியாவிலிருந்து வெள்ளியோடு கிளம்பிய இரண்டு கப்பல்களைப் பாருங்கள். கெய்ர்சோப்பா 1940 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டது. 1941 பிப்ரவரியில் அயர்லாந்துக்குத் தென்மேற்கே ஜெர்மன் நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. ஒடிஸி என்ற அமெரிக்கக் கம்பெனி பிரிட்டன் அரசோடு முதலிலேயே ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, 2012, 2013-ல் சுமார் 110 டன் வெள்ளியை மேலே கொண்டுவந்தது. செலவு போக 80 சதவீதம் கம்பெனிக்கு.

திலாவா 1942 நவம்பரில் பம்பாயிலிருந்து டர்பன் நோக்கிப் போனது. ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கி 280 பேர் இறந்தார்கள். அதில் இருந்த வெள்ளி தென்னாப்பிரிக்க அரசு வாங்கியது. 2017-ல் வேறொரு கம்பெனி 2,364 வெள்ளிப் பாளங்களை எடுத்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்க் கூலி கேட்டது. எடுக்கும்முன் உரிமையாளரிடம் பேச்சில்லை. கீழ் நீதிமன்றங்கள் கம்பெனி பக்கம் நின்றன. 2024 மே மாதம் பிரிட்டன் உச்ச நீதிமன்றமோ, இது வணிகச் சரக்கு அல்ல, அரசின் சொத்து, எனவே தென்னாப்பிரிக்காவை இந்த வழக்கில் இழுக்க முடியாது என்று சொல்லிவிட்டது. தீர்ப்புக்கு முன்பே இரு தரப்பும் சமரசம் ஆகிவிட்டன என்பது வேறு கதை.

போர்க்கப்பல் என்றால் இன்னும் கடினம். 1804-ல் மூழ்கிய ஸ்பெயின் கப்பல் மெர்சிடஸிலிருந்து அதே ஒடிஸி 2007-ல் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட நாணயங்களை எடுத்தது. அமெரிக்க நீதிமன்றங்கள் வரை போராடியும் 2012-ல் எல்லாவற்றையும் ஸ்பெயினுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அரசுக் கப்பல் இருநூறு வருஷம் தண்ணீரில் கிடந்தாலும் அந்த அரசு கைவிட்டதாக ஆகாது.

விற்க நினைப்பவர்களுக்கு

நூறு ஆண்டு தாண்டிய நாணயம், சிலை, பானை போன்றவை 1972 தொல்பொருள் சட்டத்தில் தொல்பொருள் ஆகும். சுவடிகளுக்கு 75 ஆண்டு போதும். உரிமம் இல்லாமல் இவற்றை வியாபாரம் செய்யக்கூடாது. வெளிநாட்டுக்கு அனுப்பினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. ஆன்லைனில் படம் போட்டு விலை கேட்பவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

இன்னொரு சட்டம் பலர் கண்ணில் படுவதில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. அங்கே தேடிக் குதிக்க வனத்துறை அனுமதி வேண்டும். பழைய பானையில் பவளம் படிந்திருந்தால் அதைக் கொத்திப் பெயர்ப்பதே வனவிலங்குச் சட்டத்தில் தனிக் குற்றம்.

உண்மையில் இந்தக் கரையில் கடலடியிலிருந்து அடிக்கடி வரும் தங்கம் பழங்காலத்தது அல்ல. 2023 பிப்ரவரியில் மண்டபம் அருகே கடத்தல்காரர்கள் கடலில் வீசிய 17.74 கிலோ தங்கத்தை முக்குளிப்பவர்களை இறக்கி அதிகாரிகள் மீட்டார்கள். டேப் சுற்றிய பொட்டலம் வலையில் வந்தால் அதற்குப் புதையல் சட்டமும் இல்லை, மீட்புக் கூலியும் இல்லை. அது சுங்கத்துறை பறிமுதல். வீட்டில் வைத்திருந்தால் கடத்தல் தங்கம் இல்லை என்று நிரூபிக்கும் சுமை வைத்திருப்பவர் தலையில். தகவல் சொன்னவருக்கு வெகுமதி உண்டு, அது துறையின் முடிவைப் பொறுத்தது.

அப்புறம் நடைமுறை. பொருள் வந்ததும் கழுவாதீர்கள், உப்பு ஊறிய இரும்பும் மரமும் காய்ந்தால் உதிர்ந்துவிடும், கடல் தண்ணீரிலேயே வையுங்கள். ஜிபிஎஸ் எண், நேரம், ஆழம், படகில் இருந்தவர்கள் பெயர் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதுங்கள். படம் எடுங்கள். தமிழ்நாடு போலீஸின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554 என்ற எண்ணில் சொல்லுங்கள். ஒப்படைக்கும்போது வாய்ச்சொல்லை நம்பாமல் மகஜர் (பொருளை வாங்கும்போது அதிகாரி எழுதும் பதிவு) நகலும் கையெழுத்திட்ட ரசீதும் வாங்குங்கள். ரசீது தர மறுத்தால் அதே விவரத்தைத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனுவாகக் கொடுத்து, மனு எண் வாங்கிவிடுங்கள். கூலி கேட்கும் நாளில் நீதிமன்றம் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். படகு உரிமையாளர், டிரைவர், கூலிக்கு வந்தவர்கள் என எல்லார் பெயரும் அந்த மனுவில் இருக்கட்டும். பெயர் விடுபட்டவர் பின்னால் வந்து பங்கு கேட்டால் அது தனி வழக்காகும்.