பிராக்கன் மலை ரயில்: எஞ்சினை ஏன் திருப்புவதில்லை?

ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையில் வெர்னிகரோடே ஊரிலிருந்து பிராக்கன் உச்சிக்கு நீராவி ரயில் போகிறது. 234 மீட்டர் உயரத்தில் கிளம்பி 1,125 மீட்டரில் போய் நிற்கும். ஏறும்போது எஞ்சினின் புகைபோக்கி முன்னால் இருக்கும். உச்சியில் எஞ்சினைக் கழற்றிப் பக்கத்துத் தண்டவாளம் வழியாக மறுமுனைக்குக் கொண்டுவந்து மாட்டுவார்கள், திருப்ப மாட்டார்கள். அதனால் இறங்கும்போது அது பின்பக்கமாகவே ஓடும். புகைபோக்கி எந்நேரமும் மேட்டுப் பக்கம்தான்.

காரணம் கொதிகலனுக்குள் இருக்கிறது. அதன் பின்முனையில் உலை. உலையின் கூரைத் தகட்டுக்குக் கீழே ஆயிரம் டிகிரியைத் தாண்டிய நெருப்பு. மேலே 14 பார் அழுத்தத்தில், அதாவது காற்றழுத்தத்தைப் போல் சுமார் 14 மடங்கில், சுமார் 198 டிகிரித் தண்ணீர். தகட்டின் சூட்டை வாங்கிக்கொள்வது அந்தத் தண்ணீர்தான். தண்ணீர் விலகினால் தகடு பழுத்து, இளகி, அழுத்தம் தாங்காமல் கிழியும், கொதிகலனே வெடிக்கலாம். பாதையின் கடும் ஏற்றம் 30க்கு 1, அதாவது 30 மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும். ஆறு மீட்டர் நீளக் கொதிகலனில் இரு முனைகளுக்கும் நீர்மட்டம் 20 செ.மீ. வேறுபடும். புகைபோக்கி மேட்டில் இருந்தால் தண்ணீர் உலைப் பக்கம் சாய்ந்து தகட்டை மூடிவிடும்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் பின்முனையில் இருப்பதால், ஏற்றத்தில் அது உண்மையில் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். பாதை சமமானதும் தண்ணீர் முன்னால் ஓடி, மட்டம் சட்டென்று இறங்கும். ஆகவே சமதளம் வருமுன்பே ஃபயர்மேன், கொதிகலனுக்குள் தண்ணீர் செலுத்தும் இன்ஜெக்டரைத் திறந்து தண்ணீர் ஏற்றிவைக்க வேண்டும். அளவு மிஞ்சினாலோ நீராவியோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் போகும். தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டர் மூடியே உடையும். இந்த வேலையின் உண்மையான திறமை கரி அள்ளிப் போடுவதைவிட இந்த நிதானத்தில்தான் இருக்கிறது.

பிராக்கன் ரயிலைப் போலவே நம் நீலகிரி ரயிலும் மீட்டர் கேஜ்தான், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர். 12க்கு 1 ஏற்றம் என்பதால் அதற்குப் பல்சக்கரம் வேண்டும். பிராக்கனில் வெறும் சக்கரப் பிடிப்பே போதும். பிராக்கனுக்கு ஓடும் எஞ்சின்களில் பெரும்பாலானவை 1954-56இல் ஜெர்மனியின் பாபெல்ஸ்பெர்க்கில் கட்டப்பட்டவை. தண்டுகளால் இணைந்து ஒன்றாகச் சுழலும் ஐந்து அச்சுகள் மீது சுமார் 48 டன் அழுத்துகிறது. மொத்தம் 200 டன் ரயில் என்றால், ஏற்றத்தில் பின்னுக்கு இழுக்கும் விசை 6.7 டன். காய்ந்த தண்டவாளத்தில் எடையில் கால்பங்கு, அதாவது 12 டன் பிடிப்பு கிடைக்கும். ஈர இலை ஒட்டியிருந்தால் எடையில் பத்தில் ஒன்றுதான்; சக்கரம் வழுக்கிச் சுழலும். டிரைவர் முதலில் நீராவியைக் குறைத்துவிட்டுத்தான் பிடிப்புக்காகத் தண்டவாளத்தில் மணல் தூவ வேண்டும். சுழலும் சக்கரம் திடீரென்று மணலைக் கவ்வினால் இணைப்புத் தண்டுகள் வளையக்கூடும்.

வழியில் டிரை அன்னன் ஹோனே நிலையத்தில் தண்ணீர் பிடிப்பார்கள். எஞ்சினின் தொட்டி 8 கன மீட்டர். இறங்கிப் பார்க்க நல்ல இடம். ஏறும்போது முதல் பெட்டியில் உட்காருங்கள்: சக்கரம் ஒரு சுற்று சுற்ற நான்கு 'குப்' சத்தம். ஒரு மீட்டர் விட்டமுள்ள சக்கரம், 20 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஏழு. இறங்கும்போது அதே எஞ்சினின் புகைபோக்கி முதல் பெட்டியின் திறந்த மேடைக்கு நேர் எதிரே இருக்கும். வெள்ளைச் சட்டை வேண்டாம். வறண்ட கோடையில் காட்டுத்தீ அபாயம் கூடினால் டீசல் எஞ்சின் மாட்டுவதும் உண்டு. நீராவிக்காகவே போகிறவர்கள் அன்று காலை விசாரித்துவிட்டு டிக்கெட் எடுப்பது நல்லது.