யானை வரும் குப்பைமேட்டைப் பெருப்பிக்க என்ன அனுமதி, என்ன நிபந்தனை?

பிரதேச சபையொன்று குப்பை கொட்டும் காணியைப் பெருப்பிக்கப் போகிறது என்றால், நாளுக்கு எத்தனை தொன் என்று கேட்பதற்கு முன் காணி எங்கே கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். இலங்கையில் பிசகுவது பெரும்பாலும் இங்கேதான்.

தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993இல் வந்த 772/22 இலக்க வர்த்தமானி, நாளொன்றுக்கு 100 தொன்னுக்கு மேற்பட்ட திண்மக்கழிவு இடங்களுக்குச் சுற்றாடல் அங்கீகாரத்தைக் கட்டாயமாக்கியது. சிறிய சபைகள் அந்த அளவுக்கு வருவதில்லை. அதனால் நமக்கு இது பொருந்தாது என்று கோப்பை மூடிவிடுவது சுலபம். ஆனால் அதே வர்த்தமானியின் மூன்றாம் பகுதியையும் வாசிக்க வேண்டும். காணியின் ஒரு மூலையாவது சரணாலய எல்லையிலிருந்தோ, வனக் கட்டளைச் சட்டத்தில் பிரகடனமான காட்டின் எல்லையிலிருந்தோ 100 மீற்றருக்குள் விழுந்தால் தொன் கணக்கு எடுபடாது. 10 தொன் என்றாலும் அங்கீகாரம் வேண்டும்.

வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி தனி. தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசிய ஒதுக்கு (தேசிய பூங்கா போன்ற காப்பிடம்) ஒன்றின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள், அதாவது 1.6 கிலோமீற்றருக்குள், எந்த அபிவிருத்தி வேலைக்கும் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி முன்கூட்டியே வேண்டும். முன்பு அங்கீகாரம் பெற்ற இடமானாலும், திட்டத்தை மாற்றினால் மாற்றத்துக்குப் புதிதாக அங்கீகாரம் எடுக்க வேண்டும்.

நிபந்தனைகள் ஏன் கடுமையாக இருக்க வேண்டும் என்பதை அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேடு காட்டுகிறது. ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு 2008இல் அமைந்த அந்த இடத்தின் மின்வேலி 2014இல் மின்னல் தாக்கிப் பழுதானது; திருத்தப்படவில்லை. 2022 ஜனவரியில் மேலும் இரண்டு யானைகள் செத்தபோது, எட்டு வருட எண்ணிக்கை ஏறத்தாழ 20 ஆனது. வெட்டிப் பார்த்த வயிறுகளில் பொலித்தீனும் உணவு உறைகளும்; இயல்பான தீனி இல்லை. மிச்சச் சோற்றைப் பையில் கட்டி எறிந்தால், சோற்று வாசனைக்கு வரும் யானை பையோடு சேர்த்துத்தான் விழுங்கும்.

ஆகவே வேலிதான் முதல் வேலை. அது முடியாமல் புதுக் காணியில் ஒரு லோட் கூட இறங்கக் கூடாது. புதுப் பகுதியை மட்டும் அடைத்தால் பழைய மேடு திறந்தே கிடக்கும்; இரண்டும், உரம் தயாரிக்கும் முற்றமும் ஒரே வேலிக்குள் வர வேண்டும். மரக்கறிக் குவியல் வெளியே இருந்தால் வேலி கட்டியும் பயனில்லை. கம்பியில் புல் முட்டினால் மின்னழுத்தம் இறங்கிவிடும். யானை அதைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும். புல் வெட்ட ஒரு ஆள், தினமும் வோல்ட் பார்த்து எழுத ஒரு புத்தகம், கைவசம் இன்னொரு எனர்ஜைசர் (வேலிக்கு மின் துடிப்புக் கொடுக்கும் கருவி), மின்னல் காப்பு: இவற்றுக்கு வருடா வருடம் சபை வரவுசெலவில் தனிப் பணம் வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பிக்குக் கொடுப்பது கொலை, வேறொன்றுமில்லை. அகழியை மட்டும் நம்பவும் கூடாது; மழைக்குக் கரை சரிந்தால் யானை இறங்கி ஏறிவிடும்.

அன்றன்று கொட்டியதை அன்றே சுமார் 15 சென்ரிமீற்றர் மண்ணால் மூட வேண்டும். கிரவலை ஒக்டோபருக்கு முன்பே குவித்து வைப்பது புத்தி. மாரியில் பாதை சேறாகி லொறி போகாது. குப்பையிலிருந்து வடியும் நீர் குளத்துக்குப் போகாமல், வேலிக்குள்ளேயே தேக்கிச் சுத்திகரிக்க வேண்டும்.

குப்பைக்குப் பழகிய யானையை ஒரே நாளில் தடுத்தால் அது வயலுக்கும் வீட்டுக்கும் திரும்பும். வேலியில் மின் ஏற்றும் நாளை முன்கூட்டியே வனஜீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவித்து, பக்கத்துக் கிராமங்களில் காவலும் யானை வெடியும் ஆயத்தமாக இருக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் இதைத் தொடங்காதீர்கள்.

சுற்றாடல் அங்கீகாரத்துக்குக் கேட்கப்படுவது முழுச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்றால் வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும். 30 நாளுக்குள் யாரும் எழுத்தில் கருத்துக் கொடுக்கலாம். அதைவிடச் சுருக்கமான ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை மட்டுமென்றால் அந்த 30 நாள் கிடையாது, ஆனால் அறிக்கை பொது ஆவணம், கேட்டுப் பார்க்கலாம். அதில் வேலிப் பராமரிப்புக்கான பணம் யார் தலையில் என்ற வரியை முதலில் தேடுங்கள்.