"வெறும் விதைதானே, சார்?"

கஞ்சா விதையைப் பற்றிய இந்தக் கேள்வியோடு, வழக்கறிஞரான என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பெற்றோர்தான். சென்ற ஆண்டு ஓர் அம்மா வந்தார். மகன் கல்லூரியில் இறுதி ஆண்டு. கையில் மகஜரின் (போலீஸ் கைப்பற்றிய பொருள்களின் பதிவு) ஜெராக்ஸ். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். மகஜரில் இருந்த பட்டியலை மட்டும் மாற்றவில்லை. செடி இரண்டு, மண்ணோடு பெயிண்ட் வாளி இரண்டு, வெளிநாட்டுத் தபால் உறை ஒன்று, நாற்பது பக்க நோட்டு ஒன்று.

அந்த நோட்டுதான் என்னைச் சங்கடப்படுத்தியது. பையன் சிக்கனக்காரன். எந்த இணையதளத்தில் ஒரு விதை என்ன விலை, எத்தனை வாங்கினால் எத்தனை இலவசம், தபால் செலவு எவ்வளவு, பெண் விதைக்கு எவ்வளவு கூடுதல் என்று ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு எழுதியிருந்தான். கைச்செலவுப் பணத்தில் 2,400 ரூபாய்க்கு ஐந்து விதை. வீட்டுக்கு மளிகை வாங்கும்போது இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் பாராட்டியிருப்பேன். அரசுத் தரப்புக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. தெரியாமல் செய்துவிட்டான் என்று நான் வாதாட வேண்டிய இடத்தில், தெரிந்துதான் செய்தேன் என்று அவன் கையெழுத்தே சொல்லிக்கொண்டிருந்தது. போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 1985-இன் 35-ஆவது பிரிவின்படி, குற்ற மனநிலை இருந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது குற்றம் சாட்டப்பட்டவரின் பொறுப்பு, அதுவும் ஐயத்துக்கு இடமில்லாமல்.

விதை தனியாக இருக்கும்வரை அது கஞ்சா அல்ல என்பது உண்மை. பூக்கும், காய்க்கும் நுனிகளைத்தான் சட்டம் கஞ்சா என்கிறது. நுனியோடு சேராத விதையையும் இலையையும் அது விலக்கிவைக்கிறது. இணையத்தில் உலவும் "விதை சட்டபூர்வமானது" என்ற வாசகம் இதிலிருந்து பிறந்தது. பாதி உண்மை எப்போதுமே முழுப் பொய்யைவிட நன்றாக விற்கும். அதே சட்டத்தின் 8-ஆவது பிரிவு எந்தக் கஞ்சாச் செடியையும் பயிரிடக் கூடாது என்கிறது. மீறினால் 20-ஆவது பிரிவின்படி பத்து ஆண்டுகள் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

"ஒரு கிலோவுக்குக் கீழே இருந்தால் சின்ன வழக்குதானே?" என்று அடுத்துக் கேட்பார்கள். பறித்த கஞ்சாவை வைத்திருப்பவருக்குத்தான் அந்தக் கணக்கு. அங்கே ஒரு கிலோ வரை சிறிய அளவு, அதிகபட்சம் ஓராண்டு. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. பயிரிடுவதற்கான உட்பிரிவில் கிராமும் இல்லை, கிலோவும் இல்லை. வாளியில் நிற்பது ஒரே செடியானாலும் பிரிவு அதேதான். சிறிய அளவில் பிடிபட்ட, போதைக்கு அடிமையானவர் தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற 64ஏ பிரிவு இடம் தருகிறது. செடி வளர்த்தவனுக்கு அந்தக் கதவு எளிதில் திறப்பதில்லை. ஐம்பது கிராம் பொட்டலத்தோடு பிடிபட்டவனைவிட, பூக்காத செடியோடு பிடிபட்டவன் பெரிய பிரிவில் நிற்பதை நீதிமன்ற வாசலில் பார்த்திருக்கிறேன். இது நியாயமா என்று என்னைக் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் வழக்கு நடப்பது என் அபிப்பிராயத்தின்படி அல்ல.

பையன் பார்த்த காணொளிகள் எல்லாம் வேறு நாட்டுக்காரர்களுடையவை. கனடாவில் 2018 அக்டோபரிலிருந்து ஒரு வீட்டுக்கு நான்கு செடி வளர்க்கலாம்; அங்கேயும் கியூபெக் மாகாணம் அதைத் தடை செய்திருக்கிறது. ஜெர்மனியில் 2024 ஏப்ரலிலிருந்து வயது வந்தவர் ஒருவர் மூன்று செடி வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் விதையைச் சேகரிப்புப் பொருளாக விற்கிறார்கள், ஆனால் வளர்த்தால் குற்றம். குறைந்த பணத்தில் நல்ல விதையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று அங்கிருந்து பேசுகிறவர் தன் ஊர்ச் சட்டத்துக்குள் நின்று பேசுகிறார். அதைக் கேட்டு விதை போடுகிறவன் நிற்பது நம் ஊர் மொட்டை மாடியில்.

இனி அந்தத் தபால் உறை. சுங்கப் படிவத்தில் "அலங்கார மணிகள், அன்பளிப்பு" என்று எழுதியிருந்தது. எந்தச் செடியின் விதையானாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழும் தேவை. பொய்ப் பெயரில் வந்தால் சுங்கச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். விதை கஞ்சா அல்ல என்று இங்கே சொல்லித் தப்பிக்க முடியாது.

இன்னும் மலிவாகக் கொடுப்பதாகச் சொல்கிற உள்நாட்டு விற்பனையாளர்கள் வேறு ரகம். சமூக ஊடகத்தில் ஒரு கணக்கு, அதில் பணம் அனுப்ப ஒரு க்யூஆர் குறியீடு. என்னிடம் வந்த இன்னொருவர் 600 ரூபாய் கட்டினார். விதை வரவில்லை. நான்காம் நாள் காக்கிச் சட்டையில் ஒருவர் வீடியோ அழைப்பில் வந்து, "உன் பார்சலைப் பிடித்துவிட்டோம்" என்றார். பெயர், முகவரி, கட்டிய தொகை எல்லாம் சரியாகச் சொன்னார். சொல்லாமல் என்ன, விற்றவரே அவர்தானே. 40,000 ரூபாய் போன பிறகுதான் என் அலுவலகத்துக்கு வந்தார், அதுவும் புகார் கொடுக்கலாமா என்ற பயத்தோடு. வீடியோ அழைப்பில் கைது செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை. பணம் போன உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைத்தால்தான் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. இவர் பதினொரு நாள் யோசித்தார்.

சணல்விதை (ஹெம்ப் சீட்) என்ற பெயரில் கடைகளில் விற்பதையும் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் அந்த விதையையும் எண்ணெயையும் உணவாக விற்க அனுமதித்தது. சாப்பிடலாம். தோல் நீக்கியது முளைக்காது. தோலோடு இருப்பதை மண்ணில் போட்டு முளைத்தால் அதுவும் கஞ்சா இனச் செடிதான். போதைச் சத்து எத்தனை சதவீதம் என்று சட்டத்தின் வரையறை கேட்பதில்லை. உத்தராகண்டில் உரிமம் பெற்று 0.3 சதவீதத்துக்கு உட்பட்ட ரகங்களை நாருக்காகப் பயிரிடுகிறார்கள். மாடித் தோட்டத்துக்கு அப்படி ஓர் உரிமம் கிடையாது.

வாடகைக்கு விட்டிருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தன் நிலத்தில் இந்தச் செடி வளர்வது தெரிந்தால் உடனே தகவல் கொடுக்க வேண்டிய கடமை 46-ஆவது பிரிவின்படி நிலத்தை வைத்திருப்பவருக்கு உண்டு. தெரிந்தே இடம் கொடுத்தால் 25-ஆவது பிரிவு. வாடகை ஒழுங்காக வருகிறதே என்று மாடிப்பக்கம் போகாத உரிமையாளர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

பிள்ளைக்குப் பழக்கம் இருக்கிறதோ என்று சந்தேகித்தால் 14446 என்ற அரசின் இலவச எண்ணை அழையுங்கள். வழக்கறிஞரிடம் வருவதற்கு முந்தைய கட்டம் அது.

அந்தப் பையனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. வணிக அளவு வழக்குகளுக்கு இருக்கும் 37-ஆவது பிரிவுக் கெடுபிடி இதற்குப் பொருந்தாது. ஆனாலும் உள்ளே இருந்த நாட்களில் ஒரு செமஸ்டர் போனது. வழக்கு இன்னும் நடக்கிறது.

ஜாமீன் உத்தரவு வாங்க வந்த அன்றுதான் அம்மா மனம்விட்டுப் பேசினார். அந்த இரண்டு வாளிக்கும் தினமும் தண்ணீர் ஊற்றியது அவர்தானாம். விரல் விரித்தாற்போன்ற இலையைப் பார்த்து மகன் புளிச்சக்கீரை போட்டிருக்கிறான் என்று நினைத்து, அரிசி கழுவிய தண்ணீரை மறக்காமல் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறார். இரண்டுக்கும் இலை அப்படித்தான் இருக்கும். நெடி கிளம்பி அக்கம்பக்கத்தார் பேசத் தொடங்கிய பிறகும் அவருக்குப் புரியவில்லை. "இதையும் கோர்ட்டில் சொல்லவேண்டி வருமா, சார்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், மாடியில் இருந்த நிஜமான புளிச்சக்கீரையையும் பிடுங்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னார்.