வந்து வந்து போகும் மின்கோளாறு: காரில் அதைப் பிடிப்பது எப்படி?

ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்வரை வண்டியில் ஒரு குறையும் தெரியாது. வெளியே எடுத்துக் கொஞ்ச தூரம் போனதும் டாஷ்போர்டில் நாலைந்து எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரியும், ஸ்டியரிங் கனக்கும், சில நொடிகளில் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். தேவையில்லாமல் பாகங்கள் மாற்றப்படுவது இப்படிப்பட்ட கோளாறுகளில்தான் அதிகம். சூடானால் மட்டும் மக்கர் செய்யும் சென்சார்கள் உண்டுதான். ஆனாலும் என் முதல் சந்தேகம் எப்போதும் இணைப்புகள் மேல்தான்.

ஏன் இத்தனை விளக்குகள் ஒரே நேரத்தில்? இன்றைய காரில் எஞ்சின், பிரேக், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் தனி கம்ப்யூட்டர். பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய ‘கேன்’ முறையில், முறுக்கிய இரண்டு ஒயர்கள் வழியாக அவை ஓயாமல் பேசிக்கொள்கின்றன. பிரேக் கம்ப்யூட்டருக்கு ஒரு கணம் மின்சாரம் நின்றால், மற்ற எல்லாம் ‘அதனிடமிருந்து தகவல் வரவில்லை’ என்று தனித்தனியாகக் ‘கோடு’ (கோளாறைக் குறிக்கும் குறியீட்டு எண்) பதிந்துவிடும். வண்டியில் மாட்டி இந்தக் கோடுகளைப் படிக்கும் ஸ்கேனர் காட்டுவது இந்தப் புகார்களைத்தான். எந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி எல்லாரும் புகார் செய்கிறார்களோ, அதற்குப் போகும் பவர் ஒயரையும், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் இணைப்பையும் முதலில் பார்க்க வேண்டும். கோடு பதிந்த நொடியில் இருந்த வேகம், எஞ்சின் சூடு போன்றவையும் பல வண்டிகளில் சேர்ந்தே பதிவாகியிருக்கும். அதை அழிக்கும் முன் குறித்துக்கொள்வது மிக முக்கியம். கோளாறை மறுபடி வரவழைக்க அதுதான் வழி.

ஒயர்களை இணைக்கும் கனெக்டருக்குள் நடப்பதைப் பாருங்கள். உள்ளே இருக்கும் பின்களுக்குப் பெரும்பாலும் வெள்ளீய முலாம். எஞ்சின் அதிர்வில் பின் மயிரிழை அளவு நகர்ந்து நகர்ந்து முலாமைச் சுரண்டும். சுரண்டிய இடம் உடனே ஆக்சைடாகி, மின்சாரத்தைத் தடுக்கும் தூளாகப் படியும். கனெக்டரைக் கழற்றி மாட்டினால் அந்தத் தூள் விலகி, தொடர்பு கொஞ்ச நாளைக்குச் சரியாகிவிடும். புது சென்சார் போட்டதும் கோளாறு தீர்ந்ததுபோல் தோன்றிப் பிறகு திரும்பி வருவதற்குப் பல நேரம் இதுவே காரணம்.

அடுத்து, வோல்ட்டையும் ஓமையும் (மின்தடை) அளக்கும் மல்டிமீட்டர். ஓம் அளவில் வைத்துப் பார்த்து ‘ஒயர் நல்லா இருக்கு’ என்று முடிவுகட்டுவது பெரிய தப்பு. அந்த அளவில் மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். உள்ளிழைகள் அறுந்து ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சிய ஒயரும் அதற்கு நல்ல ஒயராகவே தெரியும். 0.01 ஓம் தடையைச் சாதாரண மீட்டரால் பிரித்தறியவே முடியாது. அதன் சொந்த ஒயர்களின் தடையே அதைவிட அதிகம். ஆனால் ஸ்டார்ட்டர் 100 ஆம்பியர் இழுக்கும்போது அதே 0.01 ஓம் 1 வோல்ட்டைத் தின்றுவிடும். ஆகவே மின்சாரம் ஓடும்போதே வோல்ட் அளவில் பார்க்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மறுமுனையை எஞ்சின் உலோகத்திலும் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். சுமார் 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதைவிட நன்றாக ஏறினால் எர்த் கேபிளையோ, அது மாட்டிய போல்ட்டையோ கவனிக்க வேண்டும்.

கேன் ஒயர்களுக்கு மட்டும் ஓம் அளவு கைகொடுக்கும். அந்த லைனின் இரு கோடியிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு ஒயர்களுக்கும் நடுவே அளந்தால் 60 வர வேண்டும். மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு ஒயர்க்கட்டைச் சாண் சாணாக மெல்ல வளைத்துப் பாருங்கள். ஓர் இடத்தில் 60 சட்டென்று 120-க்குத் தாவினால், ஒயர் விட்டுப்போவது அங்கேதான். காற்றுப்பைக்குப் போகும் மஞ்சள் ஒயர்களிலும், ஹைபிரிட் கார்களின் ஆரஞ்சு ஒயர்களிலும் இப்படிக் கை வைக்கவே கூடாது.

கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக விட்டுப்போகும் தொடர்பு மல்டிமீட்டரில் தெரியாது. அதன் எண்கள் நொடிக்குச் சில முறைதான் மாறும். அதற்கு, வோல்ட் நொடிக்கு நொடி மாறுவதைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும். பழுதுபார்த்த பிறகும், முன்பு குறித்துவைத்த அதே சூட்டிலும் அதே வேகத்திலும் வண்டியை ஓட்டி, கோடு மறுபடி பதியவில்லை என்று பார்த்த பின்பே வண்டியைக் கொடுக்க வேண்டும்.