நரம்பு: ஒரே கையில் மூன்று பொருள்

"மாமா, இதுதானே நரம்பு?" என்று மணிக்கட்டின் உட்புறத்தில் ஓடும் நீலக் கோட்டைக் காட்டிக் கேட்ட மருமகளுக்கு என்னால் உடனே மறுமொழி சொல்ல இயலவில்லை. பள்ளியில் அவளுக்கு நரம்புத் தொகுதி என்ற பாடம் தொடங்கியிருந்தது. அந்தப் பாடத்தின்படி அவள் காட்டியது நரம்பன்று. குருதியை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் நாளம். ஆனால் முதல்நாள் இரத்தப் பரிசோதனைக்குப் போய்வந்த அவளுடைய அம்மம்மா, "நரம்பு பிடிபடாமல் நாலு தரம் குத்திப்போட்டாங்கள்" என்று சொல்லி, தம் கையிலுள்ள அதே கோட்டைத்தான் தடவிக்கொண்டிருந்தார். திருகோணமலையில் மட்டுமன்றித் தமிழ் வழங்கும் எல்லா ஊர்களிலும் வீட்டு வழக்கு அதுவே. ஆகவே பிள்ளைக்கு உடலைக் கற்பிக்குமுன் அந்தச் சொல்லைக் கற்பிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று.

நரம்பு என்பது மிகப் பழைய சொல். கன்னடத்தில் நர, தெலுங்கில் நரமு, மலையாளத்தில் ஞரம்பு என அது வழங்குவதால், இரவல் சொல் என்ற ஐயத்துக்கு இடமில்லை. மலையாள வடிவத்தின் முதலெழுத்தும் கவனிக்கத்தக்கது. ஞண்டு நண்டாகவும், ஞாண் நாணாகவும் தமிழில் மாறியதைப் போன்றே இங்கும் ஞகரமும் நகரமும் மாறி நிற்கின்றன. பிள்ளையின் இடுப்பில் கட்டும் அரைஞாணில் மட்டும் பழைய ஞகரம் இன்னும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சங்க காலத்தில் இச்சொல் முதன்மையாக யாழோடு சேர்ந்தது. தொல்காப்பியம் இசைநூலை 'நரம்பின் மறை' என்று குறிக்கிறது. யாழில் கட்டிய தந்தி நரம்பு எனப்பட்டது. அந்தத் தந்தி எழுப்பும் சுரமும் நரம்பு என்றே சொல்லப்பட்டது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழும் ஏழு நரம்புகள். கிழக்கிலங்கையின் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியிட்ட யாழ் நூலைப் புரட்டுபவர்கள் பக்கத்துக்குப் பக்கம் இப்பொருளைக் காணலாம். உடலுறுப்பைக் குறிக்கும் வழக்கும் அதே அளவு பழையதே. புறநானூற்றின் 278ஆம் பாட்டு, மகன் புறமுதுகிட்டான் என்ற பேச்சைக் கேட்டுக் களத்துக்குப் போகும் முதியவளின் தோளை 'நரம்பெழுந் துலறிய' என்று வருணிக்கிறது. மேலே புடைத்துத் தெரிவதுதான் அங்கு நரம்பு. அம்மம்மாவின் வழக்குக்கு ஈராயிரம் ஆண்டுச் சான்று இருக்கிறதென்று சொன்னபோது அவர் பெருமைப்பட்டுக்கொண்டது வேறு கதை.

நீளமாய், இழைபோல், உடலுக்குள் ஓடுவது எதுவாயினும் அதற்கு ஒரே பெயர் இருந்ததென்றால், அதைத் தமிழின் குறையாகக் கொள்ளலாகாது. கிரேக்கர்கள் நியூரோன் என்று சொன்னதும் முதலில் தசையை எலும்போடு கட்டும் நாணையும் வில்லின் நாணையுமே குறித்தது. சிங்கள அயலவர் நரம்புக்கு வழங்கும் ஸ்நாயு என்ற சொல், வடமொழியில் அதே தசைநாணைக் குறித்ததோடு, கிரேக்கச் சொல்லுடன் ஒரே வேரிலிருந்து பிறந்ததும் ஆகும். உடலை அறுத்துப் பார்த்து, உணர்வையும் அசைவையும் கடத்தும் நரம்புகளைத் தனியாகப் பிரித்தறிந்தவர்களுள் முதல்வராகச் சொல்லப்படுபவர், கி.மு. 300ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹெரோபிலஸ். பொருள் பிரிந்த பின்னரும் அங்கும் பழைய பெயரே நீடித்தது.

எனவே வீட்டில் செய்யத்தக்க முதற் செயலாக, ஒரே கையில் நாளம், தசைநாண், நரம்பு என்னும் மூன்று பொருளையும் பிரித்துக் காட்டுவதையே நான் தேர்ந்தேன். கையைச் சிறிது நேரம் தொங்கவிட்டால் புறங்கையில் நீலக் கோடுகள் புடைக்கும். தலைக்கு மேலே தூக்கினால் அவை வடிந்துவிடும். தூக்கும்போது வடிவது, உள்ளே ஒரு நீர்மம் ஓடினாலன்றி நிகழாது. ஆகவே அது நாளம். அடுத்து, பெருவிரலின் நுனியையும் சுண்டுவிரலின் நுனியையும் சேர்த்துப் பிடித்து மணிக்கட்டைச் சற்று மடக்கினால், நடுவில் ஒரு கயிறு விறைத்து எழும், அது தசைநாண். (சிலருக்கு அந்தக் கயிறு பிறவியிலேயே இராது, அதனாற் குறையேதும் இல்லை. என் இடக்கையில் இல்லை என்பதை அன்றுதான் நானும் அறிந்தேன்.) மூன்றாவதான உண்மை நரம்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. முழங்கையின் உட்பக்க எலும்புக்குப் பின்னாலுள்ள பள்ளத்தை விரலால் மெல்ல உருட்டினால், தொட்ட இடத்தை விட்டுத் தொலைவிலுள்ள சுண்டுவிரலிலும் மோதிரவிரலின் ஒரு பாதியிலும் கூச்சம் ஓடும். கதவில் முழங்கை இடித்து மின்னடித்தாற்போல் துள்ளிய அனுபவம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருப்பதால், இதை விளக்க வேண்டிய தேவைகூட இல்லை. அழுத்தாமல் ஒருமுறை தொட்டுக் காட்டினாற் போதும்.

அடுத்த கேள்வி, மண்டலமா தொகுதியா என்பது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நரம்பு மண்டலம் என்கின்றன; இலங்கையில் நாங்கள் நரம்புத் தொகுதி என்கிறோம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து நூல்களையும் தமிழாக்கிய நாடாகையால், இங்கே கலைச்சொற்கள் தமக்கென ஒரு வழியில் வளர்ந்துள்ளன. மண்டலம் வடசொல், வட்டம், நிலப்பரப்பு என்பன அதன் பொருள். தொகுதி, தொகு என்னும் வினையடியிலிருந்து பிறந்த தமிழ்ச்சொல். மூளையும் முண்ணாணும் அவற்றிலிருந்து கிளைக்கும் நரம்புகளும் ஒன்றாய்த் தொகுக்கப்பட்ட அமைப்பைச் சொல்ல வட்டத்தைவிடத் தொகுப்பே பொருந்தும் என்பது என் முடிபு. இரண்டையும் அறிந்திருப்பது பிள்ளைக்கு நன்று. எழுதும்போது தொகுதி என்றே எழுதட்டும்.

முண்ணாண் என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். முள் + நாண் என்பதன் புணர்ச்சி அது. முள்ளந்தண்டுக்குள் ஓடும் நாண். தமிழ்நாட்டார் தண்டுவடம் என்பர், வடமும் கயிறுதான். அந்த நாணுக்குத் துணையாக இலங்கை வழக்கில், உடல் தானாகத் துள்ளும் செயலுக்குத் தெறிவினை, அதன் செய்தி போய்த் திரும்பும் நரம்புவழிக்குத் தெறிவில் என்ற சொற்களும் உள்ளன. நாண் இருக்கிறது, வில் இருக்கிறது, தெறித்தலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் தெறிவினையை அனிச்சைச் செயல் என்கிறார்கள். அது இச்சையின்மையைக் குறிக்கும் வடசொல். விருப்பின்றி நிகழ்வது என்று மட்டும் சொன்னால் இதயத் துடிப்பும் அதற்குள் அடங்கிவிடும். தெறிவினையோ, தட்டியதும் துள்ளும் தன்மையையே பெயராகக் கொண்டிருக்கிறது.

அதை மெய்ப்பிக்கப் பிள்ளையை உயரமான மேசையில் கால்கள் தரையில் படாமல் தொங்கும்படி இருத்தி, முழங்காற் சில்லுக்குச் சற்றுக் கீழே கைவிளிம்பால் இலேசாகத் தட்ட வேண்டும். கால் தானாக முன்னே துள்ளும். தட்டியவுடன் தொடைத் தசை சற்று இழுபட, அச்செய்தி முண்ணாணின் கீழ்ப்பகுதிக்குப் போய், மூளையின் கட்டளைக்குக் காத்திராமல் அங்கிருந்தே திரும்பிவிடுகிறது. மருமகளுக்கு முதலில் துள்ளவில்லை. அவள் காலை விறைப்பாக வைத்திருந்தாள். இரு கைவிரல்களையும் கோத்து வெளிப்புறமாக இழுக்கும்படி சொன்னதும் துள்ளிற்று. "நான் உதைக்கேல்லை, அது தெறிச்சது" என்றாள். கலைச்சொல்லுக்கு அதைவிடத் துல்லியமான உரையை நான் கேட்டதில்லை.

தூண்டல், தூண்டற்பேறு என்ற இணையும் எங்கள் பாடநூல் தந்ததே. கடற்கரையில் வளரும் பிள்ளைக்கு அதை விளக்குவது எளிது. தூண்டு என்னும் அதே வினையடிதான் தூண்டிலுக்கும். மீன் இரையைக் கொத்துவது தூண்டல். கை வெட்டி இழுப்பது தூண்டற்பேறு. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தால் அளக்கலாம். ஒருவர் அடிமட்டத்தின் மேல்முனையைப் பிடித்திருக்க, மற்றவர் பூச்சியக் கோட்டின் இருபுறமும் விரல்களைத் திறந்து வைத்துக்கொண்டு, சொல்லாமல் விடப்படும் அடிமட்டத்தைப் பற்ற வேண்டும். 20 சென்ரிமீற்றரில் பற்றினால் 0.20 செக்கன், 10 சென்ரிமீற்றரில் பற்றினால் 0.14 செக்கன். விழும் பொருள் வேகங்கூடிக்கொண்டே போவதால், தூரம் பாதியானாலும் நேரம் பாதியாவதில்லை. இங்கே செய்தி கண்ணிலிருந்து மூளைக்குப் போய், அங்கு முடிவாகி, கைக்கு வர வேண்டியிருப்பதாற்றான் தெறிவினையைவிட இது தாமதமாகிறது.

தூண்டில் உவமையை இதற்குமேல் இழுக்கக் கூடாது. தூண்டிலின் இழையான தங்கூசியின் ஒரு முனையை அசைத்தால் மறுமுனையும் அசைகிறது. நரம்பிலோ எதுவும் இழுபடுவதில்லை. யாழ்த்தந்தி என்ற பழைய பொருள் நம்மைத் தவறான வழியில் விடுவது இவ்விடத்தில்தான். நரம்பில் ஓடும் செய்தியான நரம்புக் கணத்தாக்கம் ஒரு மின்மாற்றம். அது நரம்பின் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதியைத் தூண்டிக்கொண்டே நகர்கிறது. 1850ஐ ஒட்டி ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் அளந்த வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 30 மீற்றர். ஒலியினும் பன்மடங்கு மெதுவானது. இதைக் காட்டத் தீப்பெட்டிகளை வரிசையாக நிறுத்திவைத்து முதற்பெட்டியைச் சுண்டினாற் போதும். சுண்டலின் வலிமையைக் கூட்டினாலும் தொலைவிலுள்ள பெட்டிகள் விழும் வேகம் மாறுவதில்லை. மிக மெதுவாகத் தொட்டால் ஒன்றும் விழுவதில்லை. விழுந்தவற்றை மீண்டும் நிறுத்தும் வரை அடுத்த செய்தி போகாது. மூன்றும் நரம்புக்குப் பொருந்துவன.

கடைசியாக வாங்கி என்ற சொல். சூடு, குளிர், தொடுகை முதலியவற்றை உடலில் முதலில் உணரும் அமைப்பு அது. தமிழ்நாட்டார் உணர்வேற்பி என்பதே எனக்கு மேலாகப் படுகிறது. வாங்கி என்றதும் மருமகள் "என்னத்தை வாங்கும்?" என்று சிரித்தாள். மூன்று கிண்ணங்களில் குளிர்நீர், வெதுவெதுப்பான நீர், குளிக்கத்தக்க சூட்டு நீர் ஆகியவற்றை வைத்து, ஒரு கையைக் குளிரிலும் மற்றதைச் சூட்டிலும் ஒரு நிமிடம் அமிழ்த்திய பின் இரண்டையும் நடுக்கிண்ணத்தில் இடச் சொன்னேன். ஒரே நீர் ஒரு கைக்குச் சுட்டது, மற்றதற்குக் குளிர்ந்தது. வாங்கி வாங்குவது பெரும்பாலும் மாற்றத்தையே என்பதை அந்த நீரே அவளுக்குச் சொல்லிவிட்டது. மறுவாரம் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனபோது, கிணற்றுக்குக் கிணறு சூடு சற்றே மாறும் அந்த ஏழிலும் நீரை அள்ளி ஊற்றிக்கொண்டு வந்தவள், ஏழாவதிலிருந்து மீண்டும் முதற்கிணற்றுக்கு நடந்தாள்.